இல்லை, போதவில்லை, குறைவு, தட்டுப்பாடு: ஆங்கிலத்தில் எந்த இடத்துக்கு எந்தச் சொல்?

நிழற்குடை:

வணக்கம். தமிழில் எழுதப்பட்ட ஆய்வறிக்கைகளை ஆங்கிலத்தில் பெயர்ப்பது என் வேலை. எந்த அறிக்கையை எடுத்தாலும் ஒரு சொற்கூட்டம் தவறாமல் வந்து நிற்கும்: பற்றாக்குறை, தட்டுப்பாடு, குறைபாடு, போதாமை, இன்மை, இல்லாமை. அகராதியைப் புரட்டினால் அத்தனைக்கும் ஏறக்குறைய ஒரே பட்டியல்தான் கிடைக்கிறது: லேக் (ஏரியை அல்ல, குறையைச் சொல்லும் சொல்லை), ஷார்ட்டேஜ், ஸ்கேர்சிட்டி, டெஃபிஷியன்சி, டெஃபிசிட், ஆப்சென்ஸ், டெர்த், வான்ட். ஒன்றுக்குப் பதில் இன்னொன்றைப் போடலாமா, கூடாதா என்று அகராதி சொல்வதில்லை.

இப்போது கையில் இருக்கும் பத்தி இது:

"பயிற்சி பெற்ற பணியாளர்கள் போதிய அளவில் இல்லை. இருப்பவர்களிடமும் தன்னம்பிக்கை குறைவாக இருக்கிறது. மேற்பார்வை இல்லாத இடங்களில் பதிவேடுகள் முழுமையாக இல்லை. ஒதுக்கிய நிதிக்கும் தேவைக்கும் இடையே பற்றாக்குறை நீடிக்கிறது."

எல்லா இடத்திலும் 'லேக் ஆஃப்' என்று போட்டால் வேலை முடிந்துவிடும். ஆனால் மூலத்தில் தனித்தனியாக நிற்கும் நான்கு குறைகள் ஒரே குறையாகிவிடும் என்று தோன்றுகிறது. இவற்றை எப்படிப் பிரித்துப் பார்ப்பது?

வெண்பலகை:

நல்ல கேள்வி, நண்பரே. ஆங்கிலம் கற்பிக்கிறவன் என்பதால் சற்று நீட்டியே சொல்கிறேன்.

உங்கள் முதல் வாக்கியத்துக்கு ஷார்ட்டேஜ். வெளியிலிருந்து வந்து சேரக்கூடிய, எண்ணவோ அளக்கவோ முடிகிற ஒன்று தேவைக்குக் குறைவாக இருக்கும்போது அந்தச் சொல் பொருந்தும். ஆள், தண்ணீர், வீடு, மருந்து, பணம் எல்லாம் இந்த வகை. தமிழில் 'தட்டுப்பாடு' நிற்கும் இடம் பெரும்பாலும் இதுதான்.

இரண்டாவது வாக்கியத்துக்கு லேக். தன்னம்பிக்கை எங்கிருந்தோ அனுப்பிவைக்கப்படும் பொருள் இல்லை. துணிவு, ஆர்வம், அக்கறை, அனுபவம், புரிதல் போன்ற மனத்தையும் பண்பையும் சார்ந்தவற்றுக்கு லேக் இயல்பானது. 'ஷார்ட்டேஜ் ஆஃப் கான்ஃபிடென்ஸ்' என்று எழுதினால் இலக்கணம் தடுக்காது. படிப்பவர் ஒரு கணம் நின்று பார்ப்பார்.

மூன்றாவதில் மேற்பார்வை அறவே இல்லை. குறைவு, நிறைவு என்ற பேச்சே அங்கு இல்லை. 'இன் தி ஆப்சென்ஸ் ஆஃப் சூப்பர்விஷன்' என்பது பொருந்தும். எளிமையாக வேண்டுமென்றால் 'வேர் தேர் இஸ் நோ சூப்பர்விஷன்' என்றே எழுதிவிடலாம், எனக்கு இதுவே பிடிக்கும். அதே வாக்கியத்தின் பிற்பாதிக்கு இந்தப் பட்டியலிலிருந்து எதுவும் வேண்டாம், 'இன்கம்ப்ளீட்' போதும். 'இல்லை' என்று தமிழில் முடிகிற எல்லாவற்றுக்கும் ஆங்கிலத்தில் ஓர் இன்மைப் பெயர் தேட வேண்டியதில்லை.

நான்காவதற்கு ஷார்ட்ஃபால். எட்ட வேண்டிய ஓர் அளவு இருக்கிறது, எட்டியது வேறோர் அளவு, நடுவில் உள்ள இடைவெளிக்குப் பெயர் அது.

லேக் என்ற சொல்லின் இலக்கணத்தையும் சொல்லிவிடுகிறேன், நம்மவர்கள் அதிகம் தடுமாறுவது அதில்தான். பெயராக வந்தால் 'ஆஃப்' வேண்டும்: 'ஹிஸ் லேக் ஆஃப் எக்ஸ்பீரியன்ஸ்'. வினையாக வந்தால் நேரே செயப்படுபொருள்: 'ஹி லேக்ஸ் எக்ஸ்பீரியன்ஸ்'. 'லேக்ஸ் ஆஃப்' என்று வினைக்குப் பின்னால் ஆஃப் வராது. 'ஹி இஸ் லேக் ஆஃப்' என்பதும் கிடையாது. 'லேக்கிங்' என்று உரிச்சொல்லாக்கினால் 'இன்' சேரும்: 'ஹி இஸ் லேக்கிங் இன் எக்ஸ்பீரியன்ஸ்'. செயப்பாட்டு வினையாக அது வருவதில்லை. ஷார்ட்டேஜ் பன்மை ஏற்கும், 'ஷார்ட்டேஜஸ்' என்று தாராளமாக எழுதலாம். லேக் என்ற பெயருக்கு வழக்கில் பன்மை இல்லை.

படிக்கட்டு:

வெண்பலகை ஐயாவிடம் ஒரு மறுப்பு. ஆங்கிலம் கற்றுக்கொண்டிருக்கும் ஒருவர் இத்தனை வேறுபாட்டையும் மனத்தில் வைத்துக்கொண்டு ஒரு வாக்கியம் எழுத முடியுமா? லேக் எல்லா இடத்திலும் புரிகிறது. 'லேக் ஆஃப் வாட்டர்', 'லேக் ஆஃப் ஃபண்ட்ஸ்', 'லேக் ஆஃப் ஸ்டாஃப்' என்று ஆங்கிலேயர்களே எழுதுகிறார்கள். ஒரு சொல்லைச் சரியாகக் கையாளக் கற்றுக்கொடுப்பது, எட்டுச் சொல்லைக் காட்டிப் பயமுறுத்துவதைவிட மேல் என்பது என் கருத்து.

மூன்றாம்பத்தி:

படிக்கட்டு சொல்வதில் பாதி எனக்கும் உடன்பாடு. லேக் எங்கும் புரியும் என்பது உண்மை. ஆனால் எங்கும் புரிவதாலேயே அது ஒன்றைத் தெளிவாகச் சொல்லாமல் விட்டுவிடுகிறது. பிரதி திருத்துபவன் என்ற முறையில் நான் தினமும் மல்லுக்கு நிற்பது அதோடுதான்.

'லேக் ஆஃப் எவிடென்ஸ்' என்ற தொடரை எடுத்துக்கொள்ளுங்கள். சான்றே இல்லையா? இருக்கிறது, போதவில்லையா? இரண்டுக்கும் அது செல்லும். ஒரு வழக்கில் "குற்றம் சாட்டப்பட்டவருக்கு எதிராக எந்தச் சான்றும் இல்லை" என்பதும், "சான்று உண்டு, ஐயத்துக்கு இடமின்றி மெய்ப்பிக்கப் போதாது" என்பதும் ஒன்றாகுமா? முதலாவதற்கு 'நோ எவிடென்ஸ்', இரண்டாவதற்கு 'இன்சஃபிஷியன்ட் எவிடென்ஸ்' என்று பிரித்து எழுத வேண்டும். ஒரு மனிதரின் பெயர் அந்த வேறுபாட்டில் தொங்குகிறது. இங்கே லேக் போட்டுவிட்டுப் போவது நேர்மையான மொழிபெயர்ப்பு ஆகாது.

இன்சஃபிஷியன்ட், இனாடிக்வெட் இரண்டையும் போதாமைக்குப் பயன்படுத்துகிறோம். முன்னது அளவைப் பற்றியது. பின்னது தரத்தையும் சேர்த்துச் சொல்லும். பத்துப் பக்க விளக்கமும் இனாடிக்வெட்டாக இருக்கலாம். ஒருவரை இனாடிக்வெட் என்று சொல்லிவிட்டால் அவருடைய தகுதியையே குறைசொன்னதாகும், கவனம் தேவை.

நாற்சந்தி:

பொருளியல் பக்கமிருந்து ஒன்று சொல்ல வேண்டும். ஸ்கேர்சிட்டியும் ஷார்ட்டேஜும் அன்றாடப் பேச்சில் கலந்து வரலாம், எங்கள் துறையில் கலக்கவே கூடாது.

ஸ்கேர்சிட்டி என்பது நிலையான மனித நிலைமை. வேண்டுவன பல, அவற்றுக்கான வழிகள் குறைவு, அந்த வழிகளையும் ஒன்றுக்கு மேற்பட்ட வகையில் பயன்படுத்தலாம் என்ற நிலை. பிரிட்டிஷ் பொருளியலறிஞர் லயனல் ராபின்ஸ் 1932இல் பொருளியலுக்குக் கொடுத்த புகழ்பெற்ற வரையறை இந்த 'ஸ்கேர்ஸ் மீன்ஸ்' என்ற தொடரைச் சுற்றித்தான் சுழல்கிறது. பெரும் செல்வரின் ஒரு நாளுக்கும் இருபத்துநான்கு மணி நேரம்தான் என்பதால் அவருக்கும் நேரம் ஸ்கேர்ஸ்.

ஷார்ட்டேஜ் அப்படியில்லை. ஒரு குறிப்பிட்ட விலையில் மக்கள் வாங்க விரும்பும் அளவு, விற்க வரும் அளவைவிட அதிகமாக இருந்தால் அது ஷார்ட்டேஜ். விலை ஏறினாலோ வரத்து கூடினாலோ தீர்ந்துவிடும். ஸ்கேர்சிட்டி தீராது. 'தற்காலிக ஸ்கேர்சிட்டி நீங்கியது' என்று பொருளியல் கட்டுரையில் எழுதினால் ஆசிரியர் சிவப்பு மையைத் திறப்பார்.

டெஃபிசிட் என்பது கணக்குச் சொல். வரவைவிடச் செலவு மிகுந்தால் வரும் வித்தியாசம். லத்தீனில் அது "குறைகிறது" என்ற முழு வினைச்சொல். கணக்கேடுகளின் வழியாகப் பெயராகிவிட்டது. இதைக் கடனோடு குழப்பிக்கொள்வோர் மிகப் பலர். ஓர் ஆண்டின் பள்ளம் டெஃபிசிட், பல ஆண்டுப் பள்ளங்களை நிரப்ப வாங்கிச் சேர்ந்தது கடன். டெஃபிசிட் குறைந்தது என்றால் கடன் குறைந்தது என்று பொருளில்லை. கடன் முன்பைவிட மெதுவாக ஏறுகிறது, அவ்வளவுதான்.

நிழற்குடை:

மிகவும் பயனாக இருக்கிறது. நாற்சந்தி ஐயா, ஸ்கேர்ஸ் என்பதற்கும் ரேர் என்பதற்கும் என்ன வேறுபாடு? 'அரிது' என்று தமிழில் இரண்டுக்கும் எழுதிவிடுகிறோம்.

நாற்சந்தி:

தேவையைக் கொண்டு பிரியுங்கள். ஸ்கேர்ஸ் என்றால் அதை நாடுவோர் இருக்கிறார்கள், போதவில்லை. ரேர் என்றால் எண்ணிக்கையில் குறைவு, எப்போதோதான் காணக் கிடைக்கும். நாடுவோர் இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. ஓர் அரிய நோய் ரேர். அந்த நோய் ஸ்கேர்ஸ் ஆகாது, யாரும் அதை வேண்டி நிற்கவில்லை. அந்த நோய்க்கான மருந்து ஸ்கேர்ஸ் ஆகலாம்.

பழஞ்சுவடி:

'அரிது' என்ற சொல் வந்துவிட்டதால் நானும் சேர்ந்துகொள்கிறேன்.

பட்டியலில் உள்ள டெர்த் என்ற சொல்லை யாரும் தொடவில்லை. அதன் வேர் 'டியர்'. டியர் என்றால் அன்புக்குரிய என்று மட்டுமா பொருள்? விலை மிகுந்த என்ற பொருளும் உண்டு. வார்ம் வார்ம்த் ஆனதுபோல, டீப் டெப்த் ஆனதுபோல, டியர் டெர்த் ஆயிற்று. தானியம் விலையேறிய காலம் பஞ்ச காலம் என்பதால் விலையுயர்வைச் சொன்ன சொல் பஞ்சத்தையும், பிறகு பொதுவான பற்றாக்குறையையும் குறிக்கலாயிற்று.

நம் 'அருமை' இதே பாதையில் எதிர்த்திசையில் நடந்திருக்கிறது. அருமை என்றால் முதலில் கிடைத்தற்கு அரியது, செய்தற்கு அரியது. கிடைக்காததால் மதிப்பு மிகுந்தது, மதிப்பிலிருந்து அன்புக்கு வந்தது. 'அருமை மகன்' என்னும்போது அரிதாகக் கிடைத்த மகன் என்று யாரும் இன்று பொருள் கொள்வதில்லை. ஆங்கிலத்தில் அருமையிலிருந்து குறை பிறந்தது, தமிழில் குறையிலிருந்து அருமை பிறந்தது. இதை எண்ணி எண்ணி வியந்திருக்கிறேன். 'அருகி வரும் உயிரினம்' என்று எழுதும்போது அந்தப் பழைய வேர்ப்பொருள் இன்னும் உயிரோடு இருக்கிறது.

இன்றைய ஆங்கிலத்தில் டெர்த் ஏட்டுச் சொல். கருத்து, திறமை, தகவல் போன்றவற்றின் பஞ்சத்துக்குப் பொருந்தும். 'பாசிட்டி' என்று இன்னொன்று உண்டு. அது இன்னும் இறுக்கமான சொல், தரவுகளும் சான்றுகளும் சொற்பமாக இருக்கும் இடத்தில் ஆய்வுக்கட்டுரைகளில் வரும். சாதாரணக் கடிதத்தில் இரண்டும் வேண்டாம்.

கருவிழி:

மருத்துவத் துறையில் இருப்பதால் டெஃபிஷியன்சி பற்றி நான் சொல்கிறேன்.

உடல் சரியாக இயங்கத் தேவையான ஒன்று தேவையான அளவைவிடக் குறைந்திருப்பது டெஃபிஷியன்சி. வைட்டமின் சி குறைந்தால் ஸ்கர்வி, பி1 குறைந்தால் பெரிபெரி, குழந்தைகளுக்கு டி குறைந்தால் ரிக்கெட்ஸ், அயோடின் குறைந்தால் முன்கழுத்துக் கழலை. 1982இல் பெயரிடப்பட்ட எய்ட்ஸ் நோயின் பெயரிலும் நோய் எதிர்ப்பாற்றலின் டெஃபிஷியன்சிதான் நடுவில் நிற்கிறது. இவற்றில் எங்கும் ஷார்ட்டேஜ் என்று வராது. மருந்துக் கிடங்கில் இரும்புச்சத்து மாத்திரை இல்லையென்றால் அது ஷார்ட்டேஜ். நோயாளியின் இரத்தத்தில் இரும்புச்சத்து குறைந்தால் அது டெஃபிஷியன்சி. முன்னது நீண்டால் பின்னது வரும்.

அறவே இல்லாமைக்கும் குறைவுக்கும் உள்ள வேறுபாட்டை எங்கள் துறை கிரேக்க முன்னொட்டுகளால் காட்டுகிறது. 'ஏ', 'அன்' என்பவை இன்மை, 'ஹைப்போ' தாழ்வு, 'ஓலிகோ' சொற்பம். சிறுநீர் குறைந்தால் ஒலிகூரியா, ஏறக்குறைய நின்றுவிட்டால் அனூரியா. பெரியவர்களுக்கு 24 மணி நேரத்தில் 400 மில்லிலிட்டருக்குக் கீழே போவது முன்னதற்கும், 100 மில்லிலிட்டருக்குக் கீழே போவது பின்னதற்கும் வழக்கமாகக் கொள்ளும் எல்லை. கவனியுங்கள், பெயரில் 'இல்லை' என்று இருந்தாலும் எல்லை சுழியம் அல்ல. 'அனீமியா' என்றால் சொல்லளவில் இரத்தமின்மை; பொருளளவில் சிவப்பணுக்களோ ஹீமோகுளோபினோ குறைந்த நிலை. ஆகவே சொல்லைப் பிரித்துப் பார்த்து மட்டும் பொருள் முடிவுசெய்யக் கூடாது.

இன்னொரு பின்னொட்டு 'பீனியா'. தட்டணுக்கள் ஒரு மைக்ரோலிட்டருக்கு 1,50,000க்குக் கீழே போனால் த்ராம்போசைட்டோபீனியா என்கிறோம். கிரேக்கத்தில் பீனியா என்றால் வறுமை. இரத்தத்துக்கும் வறுமை உண்டு என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

வெண்பலகை:

கருவிழி அம்மாவின் கடைசி வரி எனக்கு வழி திறந்துவிட்டது. வான்ட் என்ற சொல்லைப் பற்றி எழுதக் காத்திருந்தேன்.

இன்று வான்ட் என்றால் வேண்டும், விரும்புகிறேன். ஆனால் ஸ்காண்டிநேவியாவின் பழைய நார்ஸ் மொழியிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்தபோது அதன் பொருள் குறைதல், இல்லாதிருத்தல். இல்லாததையே வேண்டுகிறோம் என்பதால் ஆசைப் பொருள் பின்னால் ஏறியது. பழைய பொருள் சாகவில்லை. 1611இல் வந்த ஆங்கில விவிலியத்தில் 23ஆம் சங்கீதம் 'ஐ ஷால் நாட் வான்ட்' என்கிறது. "நான் விரும்ப மாட்டேன்" என்று இதைப் படிக்கும் மாணவர்களைப் பார்த்திருக்கிறேன். தமிழ் விவிலியத்தில் "நான் தாழ்ச்சியடையேன்" என்று எவ்வளவு துல்லியமாக இருக்கிறது! தானியேல் புத்தகத்தில் தராசில் நிறுக்கப்பட்டவன் 'ஃபவுண்ட் வான்ட்டிங்' ஆகிறான்; தமிழில் "குறையக் காணப்பட்டாய்". இன்றைய நாளிதழிலும் ஒரு திட்டமோ தலைவரோ ஃபவுண்ட் வான்ட்டிங் என்றால் தேவையான தகுதி இல்லை என்று பொருள்.

அரசியல் ஆவணங்களிலும் இது கிடக்கிறது. அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ரூஸ்வெல்ட் 1941 ஜனவரியில் அறிவித்த நான்கு சுதந்திரங்களில் ஒன்று 'ஃப்ரீடம் ஃப்ரம் வான்ட்'. பிரிட்டனில் சமூகக் காப்பீடு பற்றிய 1942 அறிக்கையில் பெவரிட்ஜ் சமூகத்தின் ஐந்து அரக்கர்களுள் ஒன்றாக வான்டைச் சொன்னார். 1948இன் உலகளாவிய மனித உரிமை அறிவிப்பின் முன்னுரையிலும் அச்சத்திலிருந்தும் வான்டிலிருந்தும் விடுதலை என்று வருகிறது. இதை 'ஆசையிலிருந்து விடுதலை' என்று மொழிபெயர்த்தால் அது துறவு நூலாகிவிடும். வறுமை, இல்லாமை என்பதே பொருள்.

வள்ளுவர் வறுமைக்கு வைத்த பெயரும் இன்மைதானே.

"இன்மையின் இன்னாதது யாதெனின் இன்மையின்
இன்மையே இன்னா தது" (1041)

பொருளற்ற நிலைக்குத் தனிப்பெயர் தேடாமல் 'இல்லை' என்பதன் பெயரையே வைத்தார். கிரேக்கப் பீனியா, ஆங்கில வான்ட், தமிழ் இன்மை மூன்றும் இல்லாமையையும் வறுமையையும் அடுத்தடுத்து வைத்திருக்கின்றன.

நடைமுறைக்கு ஒன்று: 'ஃபார் வான்ட் ஆஃப்' என்ற தொடர் இன்றும் புழங்குகிறது. 'ஃபார் வான்ட் ஆஃப் டைம்' என்றால் நேரமின்மையால். அலுவல் கடிதத்தில் தயங்காமல் எழுதலாம்.

படிக்கட்டு:

என் மறுப்பை முழுவதும் விடவில்லை, ஆனாலும் கேட்டுக்கொண்டிருக்கிறேன். மாணவர்கள் உண்மையில் அதிகம் சறுக்கும் இடம் இந்தப் பெரிய சொற்கள் அல்ல. ஃபியூ, எ ஃபியூ, லிட்டில், எ லிட்டில், ஹார்ட்லி. இவற்றைப் பற்றியும் யாராவது எழுதுங்கள். 'ஹி ஹார்ட்லி வொர்க்ட்' என்பதைக் கடினமாக உழைத்தான் என்று படிப்பவர்கள் வகுப்புக்கு ஒருவராவது இருப்பார்கள்.

வெண்பலகை:

சரியான இடத்தைத் தொட்டீர்கள். ஹார்ட்லி, ஸ்கேர்ஸ்லி, பேர்லி மூன்றும் வடிவத்தில் உடன்பாடு, பொருளில் ஏறக்குறைய எதிர்மறை. அவன் வேலை செய்தான் என்றே சொல்ல முடியாத அளவு என்பதுதான் ஹார்ட்லி வொர்க்ட். ஏற்கெனவே உள்ளே எதிர்மறை இருப்பதால் 'கான்ட் ஹார்ட்லி' என்று இன்னோர் எதிர்மறை சேர்ப்பது எழுத்து ஆங்கிலத்தில் பிழை. வாக்கிய முதலில் வந்தால் துணைவினை முன்னே வரும்: 'ஸ்கேர்ஸ்லி ஹேட் ஷி ஸ்போக்கன் வென்'. பேர்லியில் மட்டும் ஒரு நூலிழை வேறுபாடு: எட்டியது, ஆனால் மயிரிழையில் எட்டியது. 'பேர்லி பாஸ்ட்' என்றால் தேறிவிட்டான்.

ஃபியூ, எ ஃபியூ விஷயத்தில் தமிழனுக்கு ஒரு வசதி இருக்கிறது, பாடநூல்கள் அதைச் சொல்வதில்லை. நம் ஏகாரம்! "சிலர் வந்தார்கள்" என்றால் எ ஃபியூ. "சிலரே வந்தார்கள்" என்றால் ஃபியூ. எண்ணிக்கை ஒன்றாகவே இருக்கலாம். நான்கு பேர் வந்ததைப் பார்த்து ஒருவர் மகிழலாம், இன்னொருவர் ஏமாறலாம். நன்னூல் பிரிநிலை என்று சொல்லும் ஏகாரம் செய்யும் வேலையை ஆங்கிலத்தில் 'எ' இல்லாமை செய்கிறது. லிட்டிலுக்கும் இதே கணக்கு: "சிறிது நேரம் இருக்கிறது" எ லிட்டில், "சிறிது நேரமே இருக்கிறது" லிட்டில். மாணவரிடம் "இந்த இடத்தில் ஏ போடுவாயா?" என்று மட்டும் கேளுங்கள், பெரும்பாலும் சரியாகச் சொல்லிவிடுவார்.

விலக்கு ஒன்று: 'குவைட் எ ஃபியூ' என்றால் கணிசமான பேர். சொல்லைப் பார்த்துச் 'சிலர்' என்று எழுதிவிடாதீர்கள், நேர் எதிராகிவிடும்.

மூன்றாம்பத்தி:

'லெஸ்', 'ஃப்ரீ' என்ற இரண்டு பின்னொட்டுகளும் எதிர்மறையைத்தான் சொல்கின்றன. ஆனால் சொல்பவர் எங்கே நிற்கிறார் என்பதைக் காட்டிக்கொடுக்கும். இல்லாதது நல்லது என்று நினைத்தால் ஃப்ரீ, இழப்பு என்று நினைத்தால் பெரும்பாலும் லெஸ். கேர்ஃப்ரீ என்றால் கவலையற்றவர், கேர்லெஸ் என்றால் கவனமற்றவர். 'சைல்ட்லெஸ்' என்ற சொல் குறையை ஏற்றுகிறது என்பதால்தான் தாமே விரும்பிப் பிள்ளை பெறாதவர்கள் 'சைல்ட்ஃப்ரீ' என்று தங்களைக் குறிப்பிடுகிறார்கள். ஒருவரைப் பற்றி எழுதும்போது இதில் எதைப் போடுகிறோம் என்பது சாதாரண விஷயமில்லை. அவர் வாழ்வைக் குறை என்றோ தேர்வு என்றோ நாம் தீர்ப்புச் சொல்லிவிடுகிறோம்.

லெஸ் என்று முடிந்தாலே தாழ்வு என்றும் எண்ண வேண்டாம். 'பிரைஸ்லெஸ்' விலைமதிப்பற்றது, தமிழிலும் 'அற்ற' என்பது அங்கே உயர்வைத்தான் சொல்கிறது. மதிப்பில்லாதது 'வொர்த்லெஸ்'. இன்னும் சிலவற்றில் அடிச்சொல்லே வழக்கொழிந்துவிட்டது. 'ரூத்லெஸ்' என்பதில் உள்ள ரூத் இரக்கம், 'ரெக்லெஸ்' என்பதில் உள்ள ரெக் அக்கறை, 'ஹேப்லெஸ்' என்பதில் உள்ள ஹேப் நற்பேறு. இரக்கம் என்ற பொருளில் ரூத்தை இன்று யாரும் எழுதுவதில்லை, அது இல்லாமை மட்டும் நிலைத்துவிட்டது.

பழஞ்சுவடி:

எதிர்மறை என்றால் எல்லாம் ஒன்றல்ல என்பதை நம் இலக்கணம் மிக அழகாகப் பிரித்திருக்கிறது: இன்மை, அன்மை, மறுதலை. வடமொழி 'அ' என்ற முன்னொட்டுக்கு உரைகாரர்கள் சொன்ன மூன்று பொருள்கள் இவை. அரூபம் என்றால் உருவமின்மை. அதர்மம் என்றால் தர்மம் இல்லாத வெறுமை அல்ல, அதற்கு எதிரானது, அது மறுதலை. அன்மைக்குத் தமிழிலேயே நல்ல எடுத்துக்காட்டு அஃறிணை: உயர்திணை அல்லாத திணை. அதில் எந்தக் குறையும் சொல்லப்படவில்லை, வேறு என்று மட்டும் சொல்லப்படுகிறது.

இதை ஆங்கிலத்தோடு வைத்துப் பாருங்கள். 'நான்' என்ற முன்னொட்டு அன்மை. 'லெஸ்' இன்மை. 'இம்மாரல்' மறுதலை, அறத்துக்கு எதிரானது. 'ஏமாரல்' அறம் என்ற அளவுகோலே அங்கு இல்லை என்பது. புயல் ஏமாரல், கொலை இம்மாரல். 'அன்இன்ட்ரஸ்டட்' ஆர்வமற்றவர், 'டிஸ்இன்ட்ரஸ்டட்' தன்னலச் சார்பற்றவர். நடுவருக்குப் பின்னதே தகும்.

இல்லை, அல்ல என்ற நம் இரண்டு சொற்களும் இதே வேறுபாடுதான். "இங்கே மருத்துவர் இல்லை" என்பது வேறு, "அவர் மருத்துவர் அல்லர்" என்பது வேறு. ஆங்கிலம் முன்னதற்கு நோ, பின்னதற்கு நாட் போடுகிறது. ஆனால் 'ஹி இஸ் நோ டாக்டர்' என்று நோவைப் பின்னதில் கொண்டுவந்தால் "அவரெல்லாம் ஒரு மருத்துவரா" என்ற தொனி வந்துவிடும். எழுதும்போது கவனம்.

குறுக்குச்சட்டம்:

நிரல் எழுதுகிறவர்களுக்கு இந்த இன்மை, அன்மை பேச்சு நெருக்கமானது. ஒரு படிவத்தில் 'பிள்ளைகள் எண்ணிக்கை' என்ற கட்டத்தில் சுழியம் என்று எழுதியிருந்தால் பிள்ளை இல்லை. கட்டம் காலியாக இருந்தால் நமக்குத் தெரியவில்லை. இந்த இரண்டாவதற்கு 'நல்' என்று பெயர். கணினி அறிவியலர் டோனி ஹோர் 1965இல் ஆல்கால் டபிள்யூ என்ற நிரல்மொழிக்காக, எதையும் சுட்டாத நல் சுட்டியைப் புகுத்தினார். 2009இல் அவரே அதைத் தம் நூறு கோடி டாலர் தவறு என்று குறிப்பிட்டார். அறிக்கை மொழிபெயர்ப்பிலும் 'தகவல் இல்லை' என்ற இடத்தில் 'நில்' போடாதீர்கள். நில் என்றால் எண்ணிப் பார்த்தோம், ஒன்றும் இல்லை என்று பொருள். 'நோ டேட்டா' அல்லது 'நாட் ரெக்கார்டட்' என்பதே சரி.

கருவிழி:

குறுக்குச்சட்டம் சொன்னதற்கு எங்கள் பக்கத்து எடுத்துக்காட்டு: 'ரிஃப்ளெக்ஸ் ஆப்சென்ட்' என்றால் உடலின் அனிச்சை எதிர்வினையைச் சோதித்தார்கள், அது வரவில்லை, அது ஒரு கண்டுபிடிப்பு. 'நாட் டெஸ்டட்' என்றால் சோதிக்கவே இல்லை. முன்னதைப் படிக்கும் மருத்துவர் நரம்புக் கோளாறு என்று ஓடுவார். உடலை ஸ்கேன் படம் எடுத்துப் பார்ப்பவர்கள் 'கட்டி இல்லை' என்று எழுதாமல் 'காணப்படவில்லை' என்று எழுதுவதற்கும் காரணம் உண்டு: கருவியின் கண்ணுக்கு எட்டாதது இல்லாததாகிவிடாது.

நிழற்குடை:

இந்த இழையை அச்செடுத்து மேசையில் வைத்துக்கொள்ளப் போகிறேன். இன்னும் இரண்டு கேட்டுவிடுகிறேன். ஒன்று, 'ஷார்ட் ஆஃப்', 'ரன் அவுட் ஆஃப்' ஆகியவை. மற்றொன்று சற்றுக் கனமானது. அடுத்த அத்தியாயத்தில் "இக்குழந்தைகளுக்குக் கல்வி கிடைக்கவில்லை" என்ற வாக்கியம் திரும்பத் திரும்ப வருகிறது. 'லேக் எஜுகேஷன்' என்று எழுதக் கை வரவில்லை.

வெண்பலகை:

முதலாவதற்கு மட்டும் சுருக்கமாகச் சொல்கிறேன். 'வீ ஆர் ஷார்ட் ஆஃப் டைம்': இருக்கிறது, போதாது. 'வீ ஹேவ் ரன் அவுட் ஆஃப் டைம்': இருந்தது, தீர்ந்துவிட்டது. இரண்டிலும் எழுவாய் மனிதர். பொருளை எழுவாயாக வைத்தால் ஆஃப் போய்விடும்: 'டைம் ஹேஸ் ரன் அவுட்'. 'நத்திங் ஷார்ட் ஆஃப்' என்று வந்தால் குறை என்ற பேச்சே இல்லை. அதற்குச் சற்றும் குறையாத என்று பொருள். 'நத்திங் ஷார்ட் ஆஃப் எ மிராக்கிள்' என்றால் அற்புதமேதான்.

மூன்றாம்பத்தி:

இரண்டாவது கேள்வி எனக்கு. இங்கே அளவு முக்கியமில்லை, பொறுப்பு முக்கியம்.

'லேக் எஜுகேஷன்' என்றால் குழந்தைகளிடம் ஒன்று இல்லை என்று சொல்லி முடித்துவிடுகிறோம். ஏன் இல்லை என்ற கேள்வியே எழுவதில்லை. குறை அவர்களுடையது போலவும் ஒலிக்கும். 'ஆர் வித்தவுட் ஸ்கூலிங்' சற்று நடுநிலை. 'ஹேவ் நோ ஆக்சஸ் டு ஸ்கூலிங்' என்றால் எட்டும் வழி இல்லை என்பது தெரிகிறது. 'ஆர் டிப்ரைவ்ட் ஆஃப்' என்றால் இருக்க வேண்டியது பறிபோயிருக்கிறது. 'ஆர் டினைட்' என்றால் யாரோ மறுத்திருக்கிறார்கள், அந்த யாரோ யார் என்று வாசகர் கேட்பார். 'பிரெஃப்ட் ஆஃப்' என்று அழகுக்காக எழுதிவிடாதீர்கள், அது முன்பு இருந்து இழந்ததற்கு. 'டிவாய்ட் ஆஃப்' இந்த இடத்துக்கே பொருந்தாது, மனிதரைப் பற்றி வந்தால் இரக்கம் இல்லாதவர், உணர்ச்சி இல்லாதவர் என்ற வகையில்தான் பெரும்பாலும் வரும்.

மூலத்தில் "கிடைக்கவில்லை" என்று மட்டும் இருக்கும்போது நீங்களாக டினைட் என்று ஏற்றக் கூடாது. மூலத்தில் "மறுக்கப்பட்டது" என்றிருக்கும்போது அதை லேக் என்று இறக்கவும் கூடாது. இறக்கினால் பொறுப்பாளி ஒருவர் ஆங்கிலப் பிரதியிலிருந்து காணாமல் போய்விடுவார். அறிக்கை எழுதியவரிடமே கேட்டுவிடுங்கள்.

நிழற்குடை:

கேட்டேன். எல்லா இடத்துக்கும் ஒரே பதில் வரவில்லை. பள்ளியே இல்லாத பகுதிகளைப் பற்றிய வாக்கியங்களில் வழியில்லை என்ற பொருளே போதும் என்றார். சேர்க்கைக்குப் போய்ப் பிறப்புச் சான்றிதழ் இல்லை என்று திருப்பி அனுப்பப்பட்ட குழந்தைகளைப் பற்றி எழுதிய இடங்களில், தமிழிலேயே "கிடைக்கவில்லை" என்பதை "மறுக்கப்பட்டது" என்று மாற்றப் போவதாகச் சொன்னார். திருத்திய தமிழ்ப் பிரதி வந்த பிறகு அந்த இடங்களில் டினைட் என்று எழுதுகிறேன்.